சம்ப் தண்ணீர் தெருக் குழாய்க்குத் திரும்புகிறதா? வீட்டு என்.ஆர்.வி வால்வைச் சோதிப்பதும் பராமரிப்பதும்

சென்னையில் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத்தின் தெருக் குழாய்த் தண்ணீர்) நின்ற சிறிது நேரத்தில் சம்ப் எனப்படும் தரைக்கடித் தொட்டியின் மூடியைத் திறந்து, தண்ணீர் விழும் குழாயின் வாயருகே ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தாள் குழாயோடு போய் ஒட்டிக்கொண்டால், தெருக் குழாய் காற்றை இழுக்கிறது என்று பொருள். அதே குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அது காற்றை இழுக்காது. உங்கள் சம்ப் தண்ணீரை இழுக்கும். நாளை காலை அந்தத் தண்ணீர்தான் பக்கத்து வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் முதலில் வந்து சேரும்.

இருபத்து நான்கு மணி நேரமும் அழுத்தம் குறையாத ஊர்களில் தண்ணீர் திரும்பி ஓடுவது எப்போதாவது நடக்கும் விபத்து. குழாய் உடைந்தாலோ, தீயணைப்பு வண்டி ஒரே இடத்தில் நிறைய இழுத்தாலோதான் நடக்கும். விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் நம் ஊர்களில் தெரு வால்வை மூடும் ஒவ்வொரு முறையும் குழாய் வடிகிறது. மேட்டில் உள்ள வீடுகளின் இணைப்பில் காற்று நுழைகிறது. பள்ளத்தில் உள்ளவர்களின் குழாயில் மிச்சம் வழிகிறது. தெரு லைனில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுபவர் ஒருவர் இருந்தால் இழுவை இன்னும் கூடும். ஆகவே மேலைநாட்டு ஆலோசனைக் குறிப்புகள் 'ஆண்டுக்கு ஒரு முறை சோதியுங்கள்' என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே எப்போதோ வேலை செய்யும் என்.ஆர்.வி (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு) இங்கே ஒவ்வொரு சப்ளைக்கும் திறந்து மூடுகிறது. அதற்கேற்ற வேகத்தில் தேய்கிறது.

எப்போதாவது நடந்தாலே என்ன ஆகும் என்பதற்கு 1969-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டர் நகரில் நடந்தது போதும். ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் தரைக்கு அடியில் குழிகளில் பதிந்திருந்தன. அருகில் விளையாடிய, மஞ்சள் காமாலைத் தொற்றுள்ள சிறுவர்களால் அந்தக் குழிகளில் தேங்கிய நீர் மாசுபட்டிருந்தது. ஊரில் வேறோரிடத்தில் தீ பிடித்து, அணைப்பதற்காக நிறையத் தண்ணீர் எடுத்தபோது குழாயில் அழுத்தம் விழுந்தது. குழி நீர் குடிநீர் லைனுக்குள் உறிஞ்சப்பட்டது. வீரர்களும் பயிற்சியாளர்களுமாக 97 பேரில் 90 பேருக்குத் தொற்று. அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்கள் எல்லாமே ரத்தாயின. குழாயில் ஓட்டை விழவில்லை, யாரும் எதையும் கலக்கவும் இல்லை. தடுப்பு இல்லாத இடத்தில் அழுத்தம் சிறிது நேரம் தலைகீழானது, அவ்வளவுதான்.

தண்ணீர் இரண்டு விதமாகத் திரும்பும்

ஒன்று உறிஞ்சல்: மேலே சொன்னது போல, தெருப்பக்கம் அழுத்தம் விழுந்து வீட்டுத் தண்ணீரை இழுப்பது. மற்றொன்று தள்ளல்: வீட்டுப்பக்க அழுத்தம் தெருவைவிடக் கூடுதலாக இருப்பது. தண்ணீர் பத்து மீட்டர் உயரம் நின்றால் அடியில் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். பிளம்பர் பேச்சில் ஒரு கிலோ பிரஷர். இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடி டேங்க் தரைத்தளக் குழாயில் சுமார் 0.9 பார் கொடுக்கிறது. தெரு லைன் தரையிலிருந்து மூன்று மீட்டர்தான் ஏறும் என்றால் அது 0.3 பார். இந்த இரண்டையும் ஒரே குழாயில் இணைத்து நடுவே ஒரு கேட் வால்வை மட்டும் வைத்தால், அது சற்றே 'பாஸ்' ஆனாலும் (மூடியும் உள்ளே கசிந்தாலும்) மாடித் தண்ணீர் தெருவுக்குப் போகும்.

இந்த இணைப்பு நாம் நினைப்பதைவிட அதிகமான வீடுகளில் இருக்கிறது. சமையலறைக்கு மெட்ரோ வாட்டர் நேராக வரும். அது வராத நாளில் டேங்க் தண்ணீர் வரட்டும் என்று இரண்டையும் டீ (மூன்று வழி இணைப்பு) போட்டுச் சேர்த்திருப்பார்கள். போர் (ஆழ்துளைக் கிணறு) மோட்டார் லைனும் சம்ப் மோட்டார் லைனும் ஒரே ஏற்றுக் குழாயில் சேரும் வீடுகளில், என்.ஆர்.வி இல்லாவிட்டால் போர் ஓடும்போது உப்புத் தண்ணீரில் ஒரு பங்கு சம்புக்குள் இறங்கும். மோட்டாருக்கு பிரைமிங் செய்ய (ஓட்டும் முன் தண்ணீர் நிரப்ப) மாடி டேங்கிலிருந்து இழுத்த அரை இஞ்ச் லைனை யாராவது மூட மறந்தால், ஃபுட் வால்வும் (உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள வால்வு) கசியும் பட்சத்தில், இரவோடு இரவாக டேங்க் சம்புக்குள் காலியாகும்.

உங்கள் வீட்டில் இப்படி ஓர் இணைப்பு இருக்கிறதா என்று அறிய கருவி எதுவும் தேவையில்லை. தெருத் தண்ணீர் வராத நேரத்தில், மீட்டருக்குப் பின்னால் உள்ள வீட்டு வால்வை மூடுங்கள். பிறகு 'நேரடி மெட்ரோ லைன்' என்று நீங்கள் நம்பும் குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். குழாயில் நின்ற தண்ணீர் வடிந்ததும் அது நிற்க வேண்டும். தொடர்ந்து வந்தால் எங்கோ டேங்க் லைன் அதில் சேர்ந்திருக்கிறது. போர் தண்ணீர் உள்ள வீட்டில் டி.டி.எஸ் மீட்டரும் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) நன்றாகக் காட்டிக்கொடுக்கும். தெருத் தண்ணீர் விழும்போதே ஒரு டம்ளர் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். போர் மோட்டார் ஓடி முடிந்த பிறகு சம்ப் தண்ணீரை அளந்து பாருங்கள். லாரித் தண்ணீர் எதுவும் ஊற்றாமலே எண் ஏறியிருந்தால் போர் லைனின் என்.ஆர்.வி-யைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இடைவெளிக்கு ஈடான வால்வு கிடையாது

குழாயின் வாய்க்கும் தண்ணீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்துக்கும் இடையே வெறும் காற்று இருந்தால் எந்த இழுவையும் தண்ணீரை எட்டாது. நகரும் பாகம் இல்லை. தேய எதுவும் இல்லை. குழாயின் உள்விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, எப்படியும் 25 மி.மீ-க்குக் குறையாமல், என்பது விதி. முக்கால் இஞ்ச் குழாய்க்கு 40 மி.மீ, ஒரு இஞ்ச் குழாய்க்கு 50 மி.மீ. குழாய் சுவரை ஒட்டி இறங்கினால் மூன்று மடங்கு விடுவது நல்லது. அளக்க வேண்டியது தினமும் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து அல்ல, மிதவை வால்வு கெட்டால் தண்ணீர் எதுவரை ஏறுமோ அந்த மட்டத்திலிருந்து. வழிகுழாய் இல்லாத சம்பில் அது மூடியின் விளிம்பு.

இடைவெளி ஒழுங்காக அமைந்த சம்பிலும் அதைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. இரவில் தண்ணீர் விழும் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எல்போ போட்டு, குழாயை சம்பின் அடி வரை நீட்டிவிடுவார்கள். அந்த நீட்டிய துண்டை அறுத்து எடுப்பது, புது வால்வு வாங்குவதைவிடப் பலன் தரும். பால் காக் என்று கடையில் கேட்டு வாங்கும் மிதவை வால்வையும் சிலர் தடுப்பு என்று எண்ணுகிறார்கள். அது மட்டத்தைக் காக்கும் சாதனம். தண்ணீர் மட்டம் இறங்கினால் திறந்துகொள்ளும். திறந்த வாய் வழியாக எந்தத் திசையிலும் தண்ணீர் போகலாம்.

சிக்கல் எங்கே என்றால், சாலை மட்டத்துக்குக் கீழே வரும் தெரு லைனில் அழுத்தம் குறைவு. குழாயை மேலே ஏற்றினால் தண்ணீரே வராது என்பதால் பலர் இணைப்பைத் தரையிலிருந்து மூன்றடி கீழேயே சம்பில் விட்டிருக்கிறார்கள். சம்ப் நிறைந்தால் வாய் மூழ்கும். குழாய் வாய்க்குக் கீழேயே தண்ணீரை நிறுத்தினால் மேல் மூன்றடிக் கொள்ளளவு வீண். இதற்குச் சரியான தீர்வு, தெருத் தண்ணீர் வந்து விழுவதற்கு மட்டும் ஒரு சிறு தொட்டி கட்டி அங்கிருந்து பெரிய சம்புக்கு ஏற்றுவது. அது முடியாத இடத்தில்தான் என்.ஆர்.வி வருகிறது. அது இரண்டாந்தரக் காவல் என்பதை ஒப்புக்கொண்டுதான் மாட்ட வேண்டும். அதனாலேயே அதைச் சோதிக்கவும் வேண்டும்.

எந்த வால்வு, எப்படி மாட்டுவது

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு. ஸ்விங் வகையில் ஒரு பித்தளைத் தட்டு கீல் போட்டுத் தொங்கும். தண்ணீர் தள்ளினால் திறக்கும், நின்றால் தன் எடையில் மூடும். ஸ்பிரிங் வகையில் ஒரு மெல்லிய ஸ்பிரிங் தட்டை இருக்கையோடு (தட்டு வந்து உட்கார்ந்து மூடும் விளிம்பு) அழுத்திப் பிடித்திருக்கும். ஸ்விங் வால்வு வழியை மிகக் குறைவாகவே அடைக்கும். அழுத்தம் குறைந்த தெரு இணைப்புக்கு அதுவே ஏற்றது என்று பிளம்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைப் படுக்கையாகவோ, தண்ணீர் மேல்நோக்கி ஏறும் நிமிர்ந்த குழாயிலோதான் மாட்டலாம். தண்ணீர் கீழிறங்கும் குழாயில் மாட்டினால் தட்டு எப்போதும் தொங்கித் திறந்தே கிடக்கும். படுக்கையாக மாட்டும்போது மேல்மூடி வானம் பார்த்திருக்க வேண்டும். சுவருக்குள் இடமில்லை என்று பக்கவாட்டில் திருப்பினால் தட்டு சரியாக உட்காராது. ஸ்பிரிங் வகையை எந்தக் கோணத்திலும் மாட்டலாம். மோட்டார் நிற்கும்போது 'டொக்' என்று குழாய் அதிரும் வீடுகளில் ஸ்விங்கை மாற்றி ஸ்பிரிங் போட்டால் சத்தம் பெரும்பாலும் அடங்கும். ஸ்விங் தட்டு மூடச் சற்றுத் தாமதிப்பதால், அதற்குள் திரும்பத் தொடங்கிய தண்ணீர் மோதி எழுப்பும் ஓசை அது.

பித்தளை செக் வால்வுக்கு (என்.ஆர்.வி-யின் இன்னொரு பெயர்) ஐ.எஸ் 778, ஃபுட் வால்வுக்கு ஐ.எஸ் 4038 என்று இந்தியத் தர எண்கள் உண்டு. உடலில் அந்த எண்ணும் அம்புக்குறியும் வார்ப்பிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மொட்டை மாடி வெயிலில் பி.வி.சி வால்வு வேண்டாம். சில கோடைகளில் நொறுங்கும்.

மாட்டும்போது தெருப்பக்கத்திலிருந்து வரிசை இப்படி இருக்கட்டும்: மீட்டர், ஒரு பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடுவது), ஒய் ஸ்ட்ரெய்னர் (குப்பை பிடிக்கும் வடிகட்டி), டீ போட்டு அரை இஞ்ச் சோதனைக் குழாய், யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), என்.ஆர்.வி, யூனியன், மறுபடி டீ போட்டு ஒரு சோதனைக் குழாய், கடைசியில் இன்னொரு பால் வால்வு. கூடுதல் செலவு இரண்டு டீ, இரண்டு குழாய், ஒரு பால் வால்வுதான். இந்த இரண்டு சோதனைக் குழாய்களும் இல்லாத என்.ஆர்.வி வேலை செய்கிறதா என்று அறுத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. சிமெண்ட் வைத்துப் பூசிப் புதைக்கவும் கூடாது. ஒரு சிறு சேம்பர் கட்டி, மூடி போட்டு, மழைநீர் தேங்காமல் அடியில் ஜல்லி நிரப்புங்கள்.

லெவல் டியூப் சோதனை

கொத்தனார் மட்டம் பார்க்கும் நிறமற்ற லெவல் டியூப் இரண்டு மீட்டர், அதைச் சோதனைக் குழாயின் வாயில் மாட்ட ஒரு நிப்பிள், ஒரு கிளிப், ஒரு இஞ்ச் டேப், ஒரு மார்க்கர் போதும். 8 மி.மீ உள்விட்டமுள்ள டியூபில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஏறக்குறைய அரை மில்லிலிட்டர். ஆகவே மிகச் சிறு கசிவும் கண்ணுக்குத் தெரியும். அழுத்தமானியில் அந்த அளவு முள் அசையாது.

முதலில் மோட்டார் மெயினை அணையுங்கள். தெருத் தண்ணீர் வராத நேரமாக இருக்கட்டும். இரண்டு பால் வால்வுகளையும் மூடுங்கள். வீட்டுப்பக்கச் சோதனைக் குழாயில் டியூபை மாட்டி நிமிர்த்திப் பிடித்து, மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். காற்றுக் குமிழி நின்றால் விரலால் டியூபைத் தட்டினால் ஏறிவிடும். குமிழியோடு எடுத்த அளவு செல்லாது. தண்ணீர் ஒரு மீட்டர் உயரம் நிற்கட்டும். வால்வின் மேல் இப்போது 0.1 பார் திருப்பு அழுத்தம். தெருப்பக்கச் சோதனைக் குழாயைத் திறந்து, நின்ற தண்ணீர் வடிய விடுங்கள். டியூபில் மட்டம் முதலில் சற்றே இறங்கும். தட்டு இருக்கையில் உட்காரும் இடம் அது. அது நின்றதும் மார்க்கரால் கோடு போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள்.

மட்டம் அசையாமல் நின்றால் வால்வு நலம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கி, தெருப்பக்கக் குழாயிலும் சொட்டினால் என்.ஆர்.வி கசிகிறது. டியூபில் இறங்குகிறது, தெருப்பக்கம் சொட்டவில்லை என்றால் குற்றவாளி என்.ஆர்.வி அல்ல, வீட்டுப்பக்கப் பால் வால்வு பாஸ் ஆகிறது, அல்லது ஏதாவது ஒரு ஜாயிண்ட் கசிகிறது. இதைப் பிரித்தறியாமல் நல்ல என்.ஆர்.வி-யைக் கழற்றி எறிவது அடிக்கடி நடக்கிறது.

பிறகு அதே சோதனையை 30 செ.மீ உயரத்தில் செய்யுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. அழுத்தம் கூடினால் தட்டு நன்றாக அழுந்தி மூடும்; குறைந்தால்தான் கசியும். ஸ்விங் வால்வுகளில் இது சகஜம். பம்ப் கடையில் மூன்று கிலோ பிரஷரில் சோதித்துத் தேறிய வால்வு, சம்பின் இரண்டடித் தண்ணீரிடம் தோற்றுப்போகும். வீட்டில் திரும்பி ஓடும் தண்ணீர் பெரும்பாலும் இந்தக் குறைந்த அழுத்தத்தில்தான் ஓடுகிறது.

ஸ்பிரிங் வகையானால் இன்னொன்றும் பார்க்கலாம். டியூபை இப்போது தெருப்பக்கச் சோதனைக் குழாய்க்கு மாற்றி, ஒரு மீட்டர் வரை நிரப்பி, வீட்டுப்பக்கச் சோதனைக் குழாயைத் திறந்து விடுங்கள். தண்ணீர் போக வேண்டிய திசையில் போய், மட்டம் இறங்கி, ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்துக்கும் திறந்த குழாயின் வாய்க்கும் உள்ள உயரம்தான் ஸ்பிரிங்கின் பலம். வால்வு புதிதாக இருக்கும்போதே அளந்து, சேம்பர் மூடியின் உள்பக்கத்தில் பெயின்டால் எழுதிவிடுங்கள். பின்னாளில் அது பாதியாகக் குறைந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. வாய் மட்டம் வரைக்கும் இறங்கினால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது அல்லது தட்டு திறந்தபடி சிக்கியிருக்கிறது. ஸ்விங் வகையில் ஸ்பிரிங் இல்லாததால் இந்தச் சோதனைக்கு அங்கே பொருளில்லை.

ஏற்றுக் குழாயில் உள்ள என்.ஆர்.வி-க்கு டியூப் வேண்டாம். மாடி டேங்க் வரை நிற்கும் தண்ணீரே போதும். அங்கே வீட்டுப்பக்க வால்வைத் திறந்தே வைத்து, மோட்டார் பக்கச் சோதனைக் குழாயில் ஒரு அளவுக் குவளையைப் பிடியுங்கள். ஆனால் ஏற்றுக் குழாய் டேங்கின் மேல்வாய் வழியாக நுழைகிறது என்றால் குழாயில் நிற்கும் தண்ணீர் மட்டும்தான் திரும்பும். டேங்கின் அடியில் இணைத்திருந்தால் டேங்கே திரும்பும். விநாடிக்கு ஒரு சொட்டு என்பது நாளுக்கு ஏறக்குறைய நாலு லிட்டர். அளவு சிறிதுதான், குடிநீர் விஷயத்தில் வழி திறந்திருக்கிறது என்பதே கவலை.

புது வால்வை மாட்டிய அன்றும், ஒரு மாதம் கழித்தும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் சோதிப்பது போதும். தெருவில் குழாய் வேலை நடந்த பிறகு கட்டாயம் ஒரு முறை. மண்ணும் கல்லும் வருவது அப்போதுதான்.

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் குப்பை

கழற்றிப் பார்த்தால் இருக்கையில் கிடைப்பவை: டெஃப்ளான் டேப்பின் நூல், சால்வென்ட் சிமெண்டின் காய்ந்த பொட்டு, பிளாஸ்டிக் டேங்கில் துளை போட்டபோது விழுந்த சுருள், துரு, மணல். டேப்பை மரையின் முதல் இரண்டு சுற்றை விட்டுச் சுற்றினாலே பாதிப் பிரச்சினை வராது. குப்பையை எடுத்து, இருக்கையை மென்துணியால் துடைத்து மீண்டும் மாட்டினால் பெரும்பாலும் தேறிவிடும். எமரித்தாள் போடாதீர்கள், கீறல் விழுந்த இருக்கை பிறகு எந்த ரப்பரோடும் பொருந்தாது.

போர் தண்ணீர் ஓடும் வால்வில் வெள்ளை உப்புப் படியும். வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் கரையும். இரவெல்லாம் ஊறவிட்டால் பித்தளையில் உள்ள துத்தநாகம் அரித்து, உலோகம் செம்பு நிறமாகிப் பொடியத் தொடங்கும். ரப்பர் வளையத்தில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். அது தள்ளிப்போடும் வேலை. அதே அளவு புது வளையம் போடுங்கள். மோட்டார் கிரீஸ், எஞ்சின் ஆயில் தடவக் கூடாது. குடிநீர் வால்வுகளில் பரவலாக இருக்கும் ஈ.பி.டி.எம் ரப்பர் எண்ணெயில் ஊதிப் பெருத்துத் தட்டை மூடவிடாமல் செய்யும். குடிநீருக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ் மட்டும், அதுவும் பட்டாணி அளவு.

கீல் ஊசி தேய்ந்து தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பழுது பார்ப்பதில் பயனில்லை. சிறு அளவு பித்தளை வால்வுகளுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது அரிது, மாற்றிவிடுங்கள்.

மாடியிலும் குளியலறையிலும்

தெருவுக்குத் திரும்பாவிட்டாலும், வீட்டுக்குள்ளேயே ஒரு மாடியின் தண்ணீர் இன்னொரு மாடிக்குப் போகலாம். டேங்கைக் கழுவ அடி வால்வை மூடியிருக்கும்போது கீழ்த்தளத்தில் யாராவது குழாயைத் திறந்தால், இறங்கும் தண்ணீர் மேல்மாடிக் கிளைகளில் வெற்றிடம் உண்டாக்கும். அங்கே குழாயில் மாட்டிய ரப்பர் ஹோஸ் பினாயில் வாளிக்குள் கிடந்தால், அந்த வாளி கீழ்வீட்டுச் சமையலறைக்கு வந்துவிடும். ஹெல்த் ஃபாசெட்டின் (கழிப்பறைக் கைத்தெளிப்பான்) விசை கசிந்து, அது வாளியிலோ கழிப்பறைக் கோப்பையிலோ தொங்கினாலும் அதே கதை. டேங்க் வால்வுக்கு அடுத்து நிமிர்ந்து, மூடியைவிட உயரமாக நிற்கும் ஏர் பைப் இதற்காகத்தான். தண்ணீருக்குப் பதில் காற்று அதன் வழியே நுழையும். பல்லி விழுகிறது என்று அதை மூடியால் அடைப்பவர்கள் கொசுவலைத் துண்டைக் கட்டினால் போதும். ஹெல்த் ஃபாசெட்டை உபயோகித்த பின் ஆங்கிள் காக்கை மூடி, கொக்கியில் மாட்டி வையுங்கள்.

கீசரின் குளிர்நீர் வழியில் உள்ள வால்வில் என்.ஆர்.வி-யும் அழுத்தம் விடும் வால்வும் ஒன்றாக இருக்கும். தண்ணீர் சூடானதும் மெயினை அணைத்துவிட்டு, கீசரிலிருந்து அரை மீட்டர் தள்ளிக் குளிர்நீர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் என்.ஆர்.வி போய்விட்டது, டேங்க் காலியாகும் நாளில் கீசரும் காலியாகி காயில் எரியும். மாறாக, சூடேறும்போது அந்த வால்வு கொஞ்சம் சொட்டுவது கோளாறு அல்ல. 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும் 15 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 200 மில்லி விரிகிறது. திரும்பும் வழியை என்.ஆர்.வி அடைத்துவிட்டதால் அது அங்கேதான் வெளியேற வேண்டும். அந்தச் சொட்டை நிறுத்த முனையை அடைப்பவர்கள் கீசரை வெடிக்கத் தயார் செய்கிறார்கள்.

சம்பின் வழிகுழாயையோ மழைநீர்க் கிணற்றின் வழிகுழாயையோ நேராகத் தெரு வடிகாலில் விட்டிருந்தால், கனமழையில் வடிகால் நிரம்பி அதே வழியில் உள்ளே வரும். முனையை வடிகாலுக்கு மேலே வெட்டி நிறுத்துங்கள். முடியாவிட்டால் ஃப்ளாப் வால்வு போட்டு, மழைக்கு முன் செப்டம்பரில் அதன் கீலைச் சுத்தம் செய்யுங்கள். ஆர்.ஓ-வின் கழிவுக் குழலையும் சிங்க் வடிகுழாய்க்குள் செருகாமல் ஓர் இஞ்சு மேலே நிறுத்துவது நல்லது.

வெளிநாட்டு வால்வு இங்கே உதவுமா

அமெரிக்காவில் தோட்டத்தில் ஸ்பிரிங்க்ளர் போட்டிருக்கும் தமிழர்களுக்கு ஆண்டுதோறும் 'பேக்ஃப்ளோ டெஸ்ட்' அறிவிப்பு வரும். உரிமம் பெற்ற சோதகர் வந்து அளந்து சான்று தருவார். அங்கே ஆர்.பி.இசட் என்ற வகையில் இரண்டு செக் வால்வுகளும், நடுவே அழுத்தம் தவறினால் தண்ணீரை வெளியே கொட்டிவிடும் ஒரு வால்வும் இருக்கும். முதல் செக் குறைந்தது 5 பி.எஸ்.ஐ (அழுத்த அலகு) வித்தியாசம் காட்ட வேண்டும். கொட்டும் வால்வு வித்தியாசம் 2 பி.எஸ்.ஐ-க்குக் குறைவதற்குள் திறந்துவிட வேண்டும். நம்பகமான ஏற்பாடுதான். ஆனால் தண்ணீர் ஓடும்போது அது தின்னும் அழுத்தம் 0.7 பார் அளவுக்கு வரும்; ஏழு மீட்டர் உயரத்துக்குச் சமம். மாடி டேங்கின் ஈர்ப்பில் ஓடும் வீட்டில் அதை மாட்டினால் ஷவரில் நூலாகத்தான் வரும். மூன்று மீட்டர் ஏறும் தெரு லைனில் மாட்டினால் எதுவுமே வராது. பிரஷர் பம்ப் வைத்து, உரக் கரைசலைக் கலந்து தோட்டம் பாய்ச்சும் பெரிய வளாகங்களுக்கு மட்டும் பொருந்தும்.

திரும்பியிருக்கிறது என்று தெரிந்தால்

வால்வைச் சரிசெய்த பிறகு சம்பையும் லைனையும் கிருமி நீக்க வேண்டும். சம்பைக் காலி செய்து கழுவி, மறுபடி நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 25 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 200 கிராம் என்ற கணக்கில் எடுங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும். வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். வினிகரில் ஊறவைத்த பாகங்களை நன்றாக அலசாமல் அதன் அருகே கொண்டுவரக் கூடாது. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சம்புக்குள் யாரும் இறங்காமல், மேலிருந்தே செய்யுங்கள். மோட்டார் போட்டு மாடி டேங்குக்கும் ஏற்றி, ஒவ்வொரு குழாயையும் வாடை வரும்வரை திறந்து மூடி, ஆறு மணி நேரம் விட்டு, முழுவதையும் வெளியேற்றுங்கள். செடிக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. புதுத் தண்ணீர் நிரம்பிய பின் குளோரின் கிட்டில் பார்த்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ் 10500 குடிநீர்த் தரத்தின் கணக்கு. இத்தனைக்கும் முன்பாக ஆர்.ஓ-வுக்குப் போகும் வால்வை மூடிவிடுங்கள். இந்த அளவு குளோரினுக்கு அதன் சவ்வு தாங்காது.